மைல் கணக்கும் மணிக் கணக்கும்: தீவகத்தின் பயண வரலாறு

இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரம் எவ்வளவு என்று கேட்டால், நகரவாசி மைலிலோ கிலோமீற்றரிலோ விடை கூறுவார். தீவகத்தார் அவ்வாறு கூறுவதில்லை. "காற்று நல்லாயிருந்தால் ஒரு மணித்தியாலம், இல்லாவிட்டால் நாளைக்குத்தான்" என்பதே நம் முதியோர் தரும் விடை. கேலிபோலத் தோன்றும் இவ்விடையிற் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கின்றது. தூரம் இயற்கை வகுத்தது; அது மாறுவதில்லை. பயண நேரமோ மனிதர் வகுப்பது. கப்பலும் புகைவண்டியும் ஆகாய விமானமும் அதனைக் குறைக்கின்றன. போரும் சட்டமும் அசட்டையும் அதனைக் கூட்டுகின்றன.

உலகின் எந்த இரு நகரங்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றின் வான்வழித் தூரத்தையும் பறப்பு நேரத்தையும் இன்று நொடிப்பொழுதில் அறிந்துகொள்ளலாம். கொழும்பிலிருந்து இலண்டன் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்திற் பதினொரு மணி நேர அளவு. கொழும்பிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். இடையில் விமானம் மாறிச் சென்றாலும் ஒரு நாளளவிற் போய்ச் சேரலாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நகரங்களில் வாழ்வதால், தீவக வீடுகளில் இவ்விலக்கங்கள் பாட்டிமாருக்கும் மனப்பாடம். இவ்விலக்கங்களுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. நயினாதீவு, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்னும் துறைகளில் நின்று அவ்வரலாற்றை நோக்குவதே நம் எண்ணம்.

மணிபல்லவமும் ஊராத்துறையும்

நம் கடலைப்பற்றிய மிகப் பழைய பயணக் கதை ஒரு வான்வழிப் பயணமாக இருப்பது வியப்புக்குரியது. புகார் நகரத்துச் சோலையில் உறங்கிக்கொண்டிருந்த மணிமேகலையை, மணிமேகலா தெய்வம் எடுத்து வான்வழியே முப்பது யோசனை தெற்கே கொண்டுசென்று மணிபல்லவத் தீவில் வைத்தது என்று அக்காப்பியம் கூறும். நயினாதீவே அம்மணிபல்லவம் என்பது நம்மிடையே வழங்கும் நம்பிக்கை. அறிஞரிடையே வேறு கருத்துகளும் உண்டு. எவ்வாறாயினும், காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரிலிருந்து நயினாதீவு தெற்கே ஏறக்குறைய 170 கிலோமீற்றரில் இருக்கின்றது என்பதை நாட்டுப் படத்திற் காணலாம்.

அதே காப்பியத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. சாவக நாடு நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று கடுங்காற்றினால் மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கியது. அதில் வந்த ஆபுத்திரன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் இரவிற் புறப்பட்டுப் போய்விட்டது. கப்பல் போய்விடக் கரையில் தனித்து நிற்பது தீவகத்தாருக்குப் புதிய அநுபவமன்று. அக்கதையை எழுதிய புலவர் தீவுத்துறைகளின் இயல்பை நன்கு அறிந்தவராதல் வேண்டும்.

காப்பியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்ச் சாசனம் இருக்கின்றது. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது அது. ஊராத்துறையிற் பரதேசிகள் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்று அது கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால், அப்பொருளில் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. எஞ்சிய முக்காற் பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்று அங்கே குறிக்கப்பட்டது நம் ஊர்காவற்றுறையே.

இச்சாசனத்தை வரியிறுக்கும் கட்டளையாக மட்டும் கருதுவது தவறு. அக்காலத்திற் கரையில் உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் அந்நாட்டு அரசனே எடுத்துக்கொள்வது பல தேசங்களில் வழக்கமாக இருந்தது. அவ்வழக்கம் உள்ள துறைக்கு வணிகன் அஞ்சி அஞ்சியே வருவான். பல சமயம் வராமலே போவான். உடைந்தாலும் உனக்குரிய பங்கு உனக்குக் கிடைக்கும் என்று கல்லில் எழுதி வைத்த துறை, மைல் கணக்கில் எவ்வளவு தொலைவில் இருந்தாலும், அவனுக்கு அண்மையிலுள்ள துறையே. வழியைக் குறுக்குவது காற்றும் பாயும் மாத்திரமல்ல, நம்பிக்கையுமே என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சாசனம் உணர்த்துகின்றது.

நம் கடலில் ஒல்லாந்து நகரங்கள்

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். தம் தாய்நாட்டுத் துறையிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கு வந்து சேர அவர்களுடைய கப்பல்களுக்கு ஆறு மாதமும் அதற்கு மேலும் சென்றன. அவ்வளவு தொலைவில் வந்து கிடந்தவர்கள், நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களையே சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று, ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொற்றர்டாம், நயினாதீவு ஹார்லெம். ஊர் நினைவு மனிதனை எவ்வளவு தூரம் தொடர்ந்து வரும் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம். இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் நம்மவர் தத்தம் ஊர்ப் பெயரால் ஒன்றியங்கள் அமைத்துக்கொள்வதும் இதே உணர்ச்சியினாலன்றோ?

ஒல்லாந்திலுள்ள உண்மையான அம்ஸ்ரர்டாமுக்கும் லைடனுக்கும் இடையே ஏறக்குறைய 36 கிலோமீற்றர் தூரம். நம் அம்ஸ்ரர்டாமாகிய காரைநகருக்கும் நம் லைடனாகிய ஊர்காவற்றுறைக்கும் இடையே இருப்பது ஒடுங்கியதொரு கடல் நீரோட்டம். நாம் "பாதை" என்று அழைக்கும் மிதவையில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை. அந்நீரோட்டத்தின் வாயிலிற் கடற்கோட்டை நிற்கின்றது. ஆனால் பாதை ஓடாத நாளில் அச்சில நிமிடப் பயணம், பொன்னாலைப் பாலத்தால் வந்து, யாழ்ப்பாண நகரைச் சுற்றி, பண்ணைப் பாலத்தால் தீவுக்குள் இறங்கிச் செல்லும் நெடும் பயணமாகிவிடும். அக்கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் போய்ச்சேர அரை நாள் வேண்டும்.

நூற்றைம்பத்தொரு நாள்

மிஷன் பாடசாலையிற் கல்வி பயின்ற நமக்கு, அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய கல்லூரிகளைப்பற்றியும் அச்சகத்தைப்பற்றியும் ஆசிரியர்கள் பலமுறை கூறியிருக்கிறார்கள். அவர்கள் இங்கு வந்து சேர எவ்வளவு காலம் சென்றது என்பதைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும்போதே நாம் அறிந்தோம்.

மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நியூபரிபோட் என்னும் துறையிலிருந்து டிரையட் என்ற பாய்க்கப்பல் 1815ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி புறப்பட்டது. டானியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சட்ஸ், எட்வேட் வாறன் முதலியோர் அதில் இருந்தனர். அது 1816ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி கொழும்பை அடைந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் 151 நாள். சுவெஸ் கால்வாய் அக்காலத்தில் இல்லை. அது திறக்கப்பட்டது 1869இலேயே. ஆதலால் ஆபிரிக்காவைச் சுற்றியே வந்தார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்க மேலும் மாதங்கள் சென்றன. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது.

இன்று பொஸ்ரனிலிருந்து கொழும்புக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 13,800 கிலோமீற்றர். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி வருபவர் ஒரு நாளளவில் வந்துவிடுவார். 151 நாள் ஒரு நாளாயிற்று என்று கூறிவிட்டு நாம் அப்பாற் போய்விடலாம். ஆயின் அந்த 151 நாள் மனித வாழ்வில் என்ன செய்தது என்று சற்றே சிந்தித்தல் வேண்டும். தெல்லிப்பழையிலிருந்து ஒருவர் தம் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினால், மறுமொழி கிடைக்கப் பத்து மாதமாவது வேண்டும். மறுமொழி வரும்போது எழுதியவர் உயிரோடிருப்பார் என்பது நிச்சயமன்று. எட்வேட் வாறன் நோயுற்று, சுகம் தேடிக் கடல்வழியே நன்னம்பிக்கை முனைக்குச் சென்று, வந்த இரண்டாண்டில், 1818இல், அங்கேயே இறந்தார். அவர்களுடைய சமயப் பணிபற்றி நம் முன்னோருக்கு மாறுபட்ட கருத்து இருந்தது. ஆறுமுகநாவலரின் காலம் அதற்குச் சான்று. ஆயினும் திரும்பிச் செல்வோம் என்ற உறுதியின்றிக் கப்பலேறிய அம்மனத்துணிவை நாம் மதித்தே ஆகவேண்டும். அகதியாய்க் கப்பலேறியும் விமானமேறியும் சென்ற நம் உறவினரை எண்ணும்போது, அத்துணிவின் விலை நமக்கு இன்னும் நன்றாக விளங்குகின்றது.

அன்னபூரணி சென்ற வழி

அமெரிக்கர் இங்கு வந்த கதை இது. நம்மவர் அங்கு சென்ற கதையும் உண்டு. பாய்மரக் கப்பல்களைக் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் நம் வடகரை முழுவதும் தேர்ச்சி பெற்றிருந்தது. ஊர்காவற்றுறையும் காரைநகரும் வல்வெட்டித்துறையும் அத்தொழிலிற் பேர்போனவை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற கப்பலை அமெரிக்கக் கடலோடியான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவ்வூர்க் கடலோடிகளும் அதனைச் செங்கடல், சுவெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து ஓட்டிச் சென்றார்கள். பல துறைகளிலே தங்கித் தங்கி, மாதக்கணக்கிற் கடலோடி, 1938 ஓகஸ்ட் மாதத்தில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தார்கள்.

டிரையட் புறப்பட்ட நியூபரிபோட்டும் அன்னபூரணி போய்ச் சேர்ந்த குளொஸ்ரரும் ஒன்றுக்கொன்று 30 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் உள்ளவை. டிரையட் கொழும்பை அடைந்து 122 ஆண்டுகளுக்குப் பின்னர், நம் வடகரையிற் கட்டிய கப்பல் எதிர்த் திசையாய் அதே கரைக்குச் சென்றது. இதனை நம் பாடநூல்கள் போதிய அளவு கூறவில்லை என்பது நம் துணிபு.

அந்நாளைய கடலோடிக்கு நேரத்தை வகுத்தது காற்று. சோளகம் எழும் காலம், வாடை தொடங்கும் காலம், கச்சான் மாறும் காலம் என்றே ஆண்டு பிரிக்கப்பட்டது. வாடைக் காலத்திற் கடல் கொந்தளிக்கும்போது கப்பல்கள் துறையிற் கட்டப்பட்டுக் கிடக்கும். அதனை எவரும் தாமதம் என்று கூறவில்லை, அது பருவம். இன்று நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பற் சேவைகூட வாடைக் காலத்தில் நிறுத்தப்பட்டமை, கடல் தன் பழைய சட்டத்தை இன்னும் கைவிடவில்லை என்பதையே காட்டுகின்றது.

நீராவியும் தண்டவாளமும்

1905ஆம் ஆண்டு தை மாதத்தில் லெனார்ட் வூல்ஃப் என்னும் இளம் ஆங்கில அதிகாரி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்தார். பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்றவர் அவர். கொழும்பிலிருந்து அநுராதபுரம் வரை புகைவண்டி, அதன்பின் ஆனையிறவு வரை மாடுகள் இழுத்த தபால் வண்டி, மீண்டும் புகைவண்டி. இவ்வாறு இரண்டு நாட்பயணம். அதே ஆண்டில் வடக்குப் பாதை முற்றுப்பெற்று, கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகைவண்டி ஓடியது. இரண்டு நாள் ஓர் இரவாகியது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் காலையிற் புறப்பட்டவர் பிற்பகலில் வீடு சேர்ந்தார்.

மேற்குத் திசையில் 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. சென்னையிற் சீட்டு வாங்கியவர் கொழும்பு வரை அதே சீட்டில் வரலாம். "போட் மெயில்" என்ற பெயரை நம் முதியோர் இன்றும் மறக்கவில்லை. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களிற் போர் மூண்டபோது அதுவும் நின்றது.

நீராவி யுகத்திலே நம்மவர் மலாயாவுக்குப் பெருந்தொகையாய்ச் சென்றனர். புகையிரதத் திணைக்களத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய்ப் பணிபுரிந்தனர். கொழும்பிலிருந்து பினாங்குக்குக் கப்பற் பயணம் ஒரு வாரத்தை அண்மித்தது. அக்காலத்தில் தந்தி விரைவாக வந்துவிடும். மகன் விரைவாக வர இயலாது. தகப்பனார் காலமான செய்தி அன்றே கோலாலம்பூருக்கு எட்டினாலும், கொள்ளி வைக்க மகன் வந்து சேரமாட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவன் பாக்கியசாலி. செய்தியின் வேகமும் மனிதனின் வேகமும் பிரிந்த காலம் அது. அப்பிரிவின் துயரை முதலில் அறிந்தவர்களுள் நம் தாய்மாரும் இருந்தனர்.

பலாலியிலிருந்து எழுந்த விமானம்

பலாலி விமான ஓடுபாதை இரண்டாம் உலக யுத்த காலத்திற் பிரித்தானிய விமானப்படையின் தேவைக்காக அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் அது பொதுமக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனம் தன் முதற் சேவையை நடத்தியது. சீதாதேவி என்ற பெயர் பூண்ட டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. இலங்கையின் தேசிய விமான நிறுவனம் தன் முதல் நாளிலேயே நம் மண்ணில் இறங்கியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நிறுவனம் இலண்டன் சேவையை 1949இலேயே தொடங்கியது. ஆகவே பலாலிக்கு விமானம் வந்தது இலண்டனுக்குப் போவதற்கு முன்னராம்.

பலாலியிலிருந்து சென்னை வான்வழியே ஏறக்குறைய 355 கிலோமீற்றர். பலாலியிலிருந்து இரத்மலானை ஏறக்குறைய 330 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தானுக்குச் சென்னையும் கொழும்பும் ஏறத்தாழச் சமதூரமே. இரண்டையும் ஒன்றரை மணிக்குள் அடையலாம் என்ற நிலை சுதந்திரத்துக்கு முன்னரே தோன்றிவிட்டது.

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. போர்க் காலத்திற் பலாலி படைத்தளமாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குச் செல்ல விரும்பியவர், 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குச் சென்று, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மீண்டும் வடக்கே திரும்பித் தன் ஊரின் வானத்தை அண்டியே பறந்து செல்லவேண்டியதாயிற்று. கீழே தன் வீட்டுப் பனைகள் நிற்க, அவற்றைக் கடந்து செல்வதற்காக இரண்டு நாள் அலைந்தவர்கள் எத்தனை பேர்! 355 கிலோமீற்றர் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேலாயிற்று. இயற்கை ஒரு மைலையும் கூட்டவில்லை, கூட்டியவர்கள் மனிதர்களே.

பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் திகதி சென்னையிலிருந்து பயணிகள் சேவை தொடங்கியது. 2020 மார்ச் மாதத்திற் கொள்ளைநோயால் நின்ற சேவை, 2022 டிசெம்பர் 12ஆம் திகதி மறுபடியும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனம் ஒன்றும் பறக்கத் தொடங்கியது. பறப்பு நேரம் ஒன்றேகால் மணி அளவு. 1947இன் டக்கோட்டாவை விட இது பெருவேகமன்று. எழுபத்தைந்து ஆண்டுகளில் விஞ்ஞானம் இவ்வழியில் நமக்கு மீதப்படுத்தித் தந்தது சில நிமிடங்களையே. வழி அடைபட்டமையால் நாம் இழந்ததோ பல ஆண்டுகள்.

அடைபட்ட வழிகள்

இவ்விடத்திற் சில நாட்களை நாம் மௌனமாகக் கடந்துபோதல் தகாது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிலிருந்த பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு அண்மையிற் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணமே. கடலானாலும் வானானாலும், கொன்றவர் எவராயினும், இறந்தவர் வெறும் பிரயாணிகள்.

1990இல் யாழ்தேவி நின்றது. ஏ-9 வீதி மூடப்பட்டது. மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்தனர். 2002இல் வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் திருகோணமலைக்குக் கப்பலிற் சென்று, அங்கிருந்து கொழும்பு போயினர். புகைவண்டி யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது 2014 ஒக்டோபரில். அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் உலகிற் பறப்பு நேரங்கள் குறைந்துகொண்டே வந்தன. ரொறன்ரோவிலிருந்த மகன் ஒரு நாளிற் கொழும்புக்கு வரலாம்; ஆனால் நெடுந்தீவிலிருந்த தாயின் ஈமக்கிரியைக்கு அவன் வர இயலவில்லை. அக்காலத்து மலாயாவில் இருந்தவனைத் தடுத்தது கடலின் அகலம். இவனைத் தடுத்தது கடலன்று.

கடைசிப் பத்துக் கிலோமீற்றர்

இன்று வழிகள் திறந்திருக்கின்றன. ஆனி மாதத்தில் நயினை அம்மன் திருவிழாவுக்கு ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் அடியார்கள் வந்து குவிகின்றனர். அவர்களுள் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்கா 14,000 கிலோமீற்றர்; ஒரு நாள். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர், ஏழெட்டு மணி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. பேருந்தில் ஒரு மணிக்கு மேல். நயினாதீவாயின் அங்கிருந்து இருபது நிமிடத்துக்கு உட்பட்ட படகுப் பயணம். நெடுந்தீவாயின் பத்துக் கிலோமீற்றர் அளவான கடல். ஏறக்குறைய ஒரு மணி. கடைசிப் படகு போய்விட்டாலோ, காற்றுக் கடுமையாயிருந்தாலோ, அந்தப் பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு முழு நாள். உலகின் அரைவாசியைச் சுற்ற எடுத்த அதே நேரத்தைக் கண்ணுக்குத் தெரியும் தீவு எடுத்துக்கொள்கின்றது.

ஆண்டுக்கொருமுறை வருபவருக்கு இது ஒரு களைப்பு. அங்கேயே வாழ்பவருக்கு இது வாழ்க்கை. நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் கடும் நோயென்றால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கே வரவேண்டும். இரவில் நோவு கண்ட கர்ப்பிணிக்கும், நெஞ்சுவலி கண்ட முதியவருக்கும், யாழ்ப்பாணம் இத்தனை கிலோமீற்றர் என்று கூறிப் பயனில்லை. படகு இப்பொழுது உண்டா என்பதே அவர்களுடைய கேள்வி. உயர்தர வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் மாணவன் நாள்தோறும் வீடு திரும்ப இயலாமையால் நகரத்தில் அறையெடுக்கின்றான், படித்து முடிந்தபின் அங்கேயே தங்குகின்றான், பின்னர் விமானமேறுகின்றான். தீவகம் வெறுமையாவதற்குப் போர் ஒரு காரணம். இந்தப் பத்துக் கிலோமீற்றர் மற்றொரு காரணம்.

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண நகரமும் இராமேசுவரமும் இரண்டுமே 50 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் உள்ளன. பாய்மர வள்ளத்துக்கு நல்ல காற்றில் இரண்டும் ஓர் இரவுப் பயணமே. இன்றோ நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் தரிசிக்க விரும்புபவர் குறிகட்டுவான், யாழ்ப்பாணம், காங்கேசன்துறை என்று வந்து, 2023 ஒக்டோபரில் தொடங்கி 2024 ஓகஸ்டில் மறுபடியும் ஆரம்பித்த நாகபட்டினக் கப்பலிற் சென்று, அங்கிருந்து தரைவழியே மீண்டும் தெற்கே இறங்கவேண்டும். எல்லைகளும் கடவுச்சீட்டுகளும் இக்காலத்துக்கு வேண்டியவையே. அவற்றை நாம் குறைகூறவில்லை. தூரம் வேறு, வழி வேறு என்பதை மாத்திரம் சுட்டிக் காட்டுகின்றோம்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் ஒன்றே. பயணத்தை விரைவாக்குவது பெரிய கருவி மாத்திரமன்று. ஒழுங்காகப் புறப்படும் படகும், அஞ்சாமற் செல்லக்கூடிய வழியும், உடைந்தாலும் உன் பங்கு உனக்கு என்று வாக்களிக்கும் அரசுமே ஓர் ஊரை மற்றோர் ஊருக்கு அண்மையாக்குகின்றன. 12ஆம் நூற்றாண்டுச் சாசனம் அதைச் சொன்னது; 20ஆம் நூற்றாண்டின் துயரம் அதை மறுபடியும் சொன்னது.

ஆகவே சங்கத்து இளைஞர்கள் இரு பணிகளை மேற்கொள்ளல் நன்று. முதலாவது, நம் தீவுகளிற் பாய்மரக் கப்பலிற் சென்ற முதியோர் இன்னும் சிலர் வாழ்கின்றனர். காற்றின் பெயர்களும், வழிகாட்டிய வெள்ளிகளும், துறை துறையாய் அவர்கள் எண்ணிய நாட்கணக்கும் அவர்களோடு மறைந்துபோக விடலாகாது. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று பேர் குறிப்பேட்டோடு சென்று கேட்டு எழுதினால், ஓராண்டில் இப்பணியைச் செய்து முடிக்கலாம்.

இரண்டாவது, படகுச் சேவையின் ஒழுங்கை ஊர்ப் பெரியோருடன் சேர்ந்து இடைவிடாது கேட்டு நிற்றல். நெடுந்தீவுக்கு 2017இல் நெடுந்தாரகை வந்தபோது மக்கள் எவ்வளவு மகிழ்ந்தனர் என்பதை நாம் அறிவோம். படகு வருவது ஒரு நாள் விழா. அது நாள்தோறும் நேரந்தவறாமல் ஓடுவதும், நோயாளிக்கு நடுராத்திரியில் ஒரு படகு ஆயத்தமாய் நிற்பதுமே உண்மையான சேவை. வெளிநாட்டில் வாழும் நம் உறவினர் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் மனமுவந்து கொடுக்கின்றனர். அக்கோயிலுக்கு வரும் வழிக்கும் அவர்கள் ஒரு பங்கு கொடுப்பார்களாயின், அம்மன் அதனையும் தன் திருப்பணியாகவே ஏற்றுக்கொள்வாள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ரொறன்ரோவின் தூரத்தை நம்மாற் குறைக்க முடியாது. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே உள்ள நேரத்தை நாம் குறைக்கலாம். அது நம் கையில் உள்ளது.